டொக்கு மேஸ்திரியின் சுவர்

எங்கள் கட்டட வேலைக்காரர் சங்கத்தின் ஆண்டு மலரில் மூத்த மேஸ்திரி ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் போடுவார்கள். இந்த வருஷம் என் அக்கா புருஷன் முறை. நான்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தவள் அக்கா. "நடந்தத நடந்தபடி எழுது. அவரப் பத்தி எழுதுற கையோட உன்னப் பத்தியும் எழுது. ஒரு வரி மறைச்சாலும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். நான் பெயின்டர். விரிசலை மறைத்து வயிறு வளர்க்கிறவன். ஆனால் அக்காவிடம் அந்த வித்தை செல்லாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது. இருபத்தெட்டு வருஷமாகப் பிடிக்காது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. இது இரண்டு குடும்பத்துக்கும் தெரியும், சங்கத்துக்கும் தெரியும்.

அவர் சுவரில் இயற்கைக் கல் ஒட்டுகிறவர். மலையிலிருந்து வெட்டிய கல்லை ஒரு விரல் தடிமனுக்கு அறுத்து, பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். அதைப் பிரித்துச் சுவரில் ஒட்டினால், பார்க்கிறவன் முழுச் சுவரையும் கல்லால் கட்டியதாக நினைத்துக்கொள்வான். நான் பெயின்டில் ஏமாற்றுகிறேன், அவர் கல்லில் ஏமாற்றுகிறார் என்று ஒருமுறை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "உன்னோடது ரெண்டு வருஷத்துல உரியும். என்னோடத எடுக்கணும்னா சுவத்தயே இடிக்கணும்" என்றார். அன்றைக்கு அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஒட்டிய ஒவ்வொரு கல்லையும் மறுநாள் காலை சாந்துக் கரண்டியின் காம்பால் தட்டிப் பார்ப்பார். பின்னால் கலவை முழுதாகப் பிடித்திருந்தால் கல் 'ணக்' என்று கேட்கும். எங்காவது காற்று நின்றிருந்தால் 'டொக்கு' என்று கேட்கும். டொக்கு என்று கேட்டால் அந்தக் கல் சுவரில் இருக்கக் கூடாது. யார் ஒட்டியது, எத்தனை நேரம் ஆனது, வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறாரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். உளியை விட்டுப் பெயர்த்துக் கீழே போடுவார். அப்படிப் பெயர்க்கப்பட்டவர்கள் சேர்ந்து வைத்த பெயர்தான் டொக்கு மேஸ்திரி. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு என்று நினைக்கிறேன்.

தட்டுகிற வியாதி கல்லோடு நிற்கவில்லை. கதவைத் தட்டுவார், கடையில் தர்பூசணியைத் தட்டுவார், வங்கியில் வரிசையில் நிற்கும்போது கவுண்டர் பலகையைத் தட்டுவார். வலது கை நடுவிரல் முட்டி வீங்கி, கொட்டைப் பாக்கு அளவுக்குப் போய்விட்டது. அக்காவைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்த அன்று, தண்ணீர் கொடுத்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தட்டினார். பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், இவர் சுவரில் காதை வைத்து நகர்ந்துகொண்டே போகிறார். கடைசியில் என் அப்பாவிடம் திரும்பி, "பூச்சு விட்டுப் போச்சுங்க. மேல பெயின்ட அடிச்சு மூடியிருக்காங்க" என்றார்.

அந்தப் பெயின்ட் நான் அடித்தது. எனக்கு இருபது வயது, தொழிலுக்கு வந்த முதல் வருஷம், என் கையால் அடித்த முதல் சுவர். அக்காவைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வாரம் இழைத்து இழைத்து அடித்திருந்தேன். அப்பா அத்தனை பேர் முன்னாலும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வாரம் நானே அதைச் சுரண்டினேன். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்படிச் சொன்னவருக்கே அக்காவைக் கொடுத்தார்கள்.

வேலையில் அவர் எப்படி என்று எழுதாவிட்டால் அக்கா விட மாட்டாள். எழுதுகிறேன். கல் வந்ததும் நான்கு பெட்டியை ஒரே நேரத்தில் பிரிப்பார். ஒரு பெட்டிக் கல் ஒரு நிறமாக இருக்கும். ஒரே பெட்டியிலிருந்து வரிசையாக ஒட்டினால் சுவரில் தேமல் விழுந்த மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் கலந்து, தரையில் சுவர் அளவுக்குப் பரப்பி, ஒரு முழு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். அன்றைக்கு அந்த அறைக்குள் யார் கால் வைத்தாலும் வசவுதான். வீட்டுக்காரர் கால் வைத்தாலும் அதேதான். நான்கு கல் ஒரே முனையில் சந்திக்கக் கூடாது. செங்குத்தான இடுக்கு ஒன்று இரண்டு கல்லைத் தாண்டி நீளக் கூடாது. மூலைக் கல்லில் தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். ஒருமுறை அவர் இரண்டு நாள் ஊரில் இல்லாதபோது, கூட வேலை செய்தவர் ஒரே பெட்டியிலிருந்து அரைச் சுவர் ஒட்டிவிட்டார். திரும்பி வந்து பார்த்தவர், அரைச் சுவரையும் பெயர்த்தார். பெயர்த்த கல்லையெல்லாம் அந்த மனிதரின் சைக்கிள் மேல் அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இவ்வளவு செய்கிறவர் வீட்டில் ஒரு கல்கூட இல்லை. வெறும் செங்கல் சுவர், பூச்சுகூட இல்லை. கேட்டால், "எனக்குப் புடிச்ச கல்லு இன்னும் வரல" என்பார். அக்கா இருபத்தெட்டு வருஷமாக அந்தச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டுதான் சமைக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு முனையில் ஒரு கண் டாக்டர் இருக்கிறார். அவருடைய கிளினிக்கின் முன்கூடத்துக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் பெயின்ட் அடித்தேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் மேல்கூரை வரை உயரும் பெரிய சுவர். மூன்று முறை பட்டி பார்த்து, இரண்டு முறை பிரைமர் அடித்து, இளம் பச்சை கொடுத்தேன். கன்னத்தை வைத்தால் வழுக்கும். என் வாழ்நாளில் அதைவிட நல்ல சுவர் நான் அடித்ததில்லை. எட்டு மாதம்தான். டாக்டர் எங்கோ ஒரு ஓட்டலில் கல் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் அது வேண்டும் என்றார். அழைத்தது யாரை என்று சொல்லத் தேவையில்லை.

அவர் வந்தார், என் பச்சையைத் தட்டினார், டாக்டரிடம் சொன்னார்: "பெயின்ட் மேல கல்லு நிக்காதுங்க. கலவை பெயின்டத்தான் புடிக்கும், சுவத்தப் புடிக்காது. பெயின்ட் உரியுறப்ப கல்லும் சேந்து வரும். மொத்தத்தையும் கொத்தி எடுக்கணும்." அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் பக்கம் திரும்பி, "அடிச்சவனே கொத்தட்டும்" என்றார். டாக்டரும் தலையை ஆட்டிவிட்டார்.

கொத்தத் தொடங்கினேன். என் கை எட்டும் உயரம் வரை ஒழுங்காகக் கொத்தினேன். ஒவ்வொரு அடிக்கும் பச்சை சில்லு சில்லாகத் தெறித்து என் முகத்தில் விழுந்தது. அதற்கு மேல் சாரம் கட்டி ஏற வேண்டும். ஏறினேன். மேலே உட்கார்ந்து பார்த்தால் பச்சை அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கிறது. எனக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அவர் சொல்லி நான் ஏன் செய்ய வேண்டும் என்ற வீம்பு.

அப்போது நான் செய்ததை ஒரு பெயின்டரால்தான் செய்ய முடியும். கொத்திய சுவர் எப்படி இருக்கும் என்று கீழ்ப்பாதியை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். சிமென்டில் மணல் கலந்து பிரஷால் மேல்பாதிப் பச்சையை மூடினேன். காய்ந்ததும் கருஞ்சாம்பல் பெயின்டைத் தொட்டுத் தொட்டு உளி விழுந்த பள்ளம் போலப் புள்ளி வைத்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம். கீழிருந்து பார்த்தால் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுதான். அதாவது, கொத்த வேண்டிய சுவரில் கொத்திய மாதிரி படம் வரைந்துவிட்டேன். ஒழுங்காகக் கொத்தியிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். படம் வரைய ஒரு முழு நாள் ஆனது.

அவர் மறுநாள் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நல்லா கொத்தியிருக்க மாப்ள" என்றார். அவர் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒரே ஒருமுறைதான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் டொக்கு மேஸ்திரியை ஏமாற்றிய ஒரே ஆள் நான் என்று மனசுக்குள் குதித்தேன். "நீ கெளம்பு. இனி என் வேலை" என்று சொல்லிவிட்டு, தார்ப்பாயைக் கட்டி முன்கூடத்தை மறைத்தார். பதினோரு நாளில் சுவர் முடிந்தது. முன்னூற்றுச் சொச்சம் கல். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், மூன்று கிலோவுக்குக் குறையாது.

நான் இதைப் பற்றிக் கவலைப்பட்டேனா என்றால், இல்லை. என்றைக்காவது ஒரு கல் விழும், டொக்கு மேஸ்திரியின் கல் விழுந்தது என்று ஊர் சிரிக்கும், நானும் சிரிக்கலாம் என்று இருந்தேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் நினைத்தது அதுதான்.

மூன்று மாதம் கழித்து டாக்டருக்கு வரவேற்பு மேசையில் உட்கார நம்பிக்கையான பெண் தேவைப்பட்டது. டொக்கு மேஸ்திரி போய்ச் சொல்லி என் மகளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். "என் மருமகளுக்கு வேல கெடச்சிருச்சு" என்று எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். மகள் சந்தோஷத்தில் குதித்தாள். அந்த மேசை சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. அவள் தலைக்கு நேர் மேலே நான் கொத்தாத பாதி.

வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். மேசையைத் தள்ளிப் போடச் சொல் என்றேன். சிரித்தாள். வேறு இடம் பார்க்கிறேன் என்றேன். மாமா வாங்கிக் கொடுத்தது என்பதால் எனக்கு வயிற்றெரிச்சல் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாய் வரை வந்தது. சொன்னால் சுவரை இடிக்க வேண்டும். இடிக்க அவர்தான் வருவார். வந்து என் படத்தைப் பார்ப்பார். அந்த முகத்தை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. என் மகளின் தலையைவிட அவர் முகம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அதனால் சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்தேன். எந்த வேலையில் இருந்தாலும் மதியம் ஒரு மணிக்கு டப்பாவோடு கிளினிக்கில் நிற்பேன். அவள் சாப்பிடும்போது நான் சுவரோரம் நின்று, யாரும் பார்க்காதபோது முட்டியால் தட்டுவேன். என் கை எட்டும் உயரம் நான் ஒழுங்காகக் கொத்திய உயரம். அங்கே எல்லாம் ணக், ணக் என்றுதான் கேட்கும். கேட்க வேண்டிய இடம் எட்டாது. நான்கு வருஷம், மழை வெயில் பாராமல் போனேன். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு அப்பாவா" என்று கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருந்த நோயாளிகள்கூடப் பேசிக்கொண்டார்கள்.

போன மாதம் பக்கத்துக் கட்டடத்தில் துளை போடும் வேலை ஆரம்பித்தது. ஒரு வியாழக்கிழமை காலை, தலை வாரிக்கொண்டே மகள் சொன்னாள்: "அப்பா, மேலேருந்து ஏதோ பொடி கொட்டுது. நேத்து ரிஜிஸ்டர் பூரா வெள்ள."

நான் செருப்புகூடப் போடவில்லை. அவர் வீட்டுக் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து கரண்டியில் ஒட்டிய பழைய சிமென்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"மாமா, கண் டாக்டர் சுவத்துல மேல் பாதி நான் கொத்தல" என்றேன். மீதியையும் சொன்னேன். சாம்பல், புள்ளி, நிழல், எல்லாம்.

கரண்டி சுரண்டும் சத்தம் நிற்கவில்லை. அக்காதான் ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "நாலு வருஷமா வாயில என்னத்தடா வச்சிருந்த? புள்ள அங்க உக்காந்திருக்காடா."

அவர் கரண்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு. ஏணி கொண்டு வா" என்றார்.

"ஞாயித்துக்கிழமையா? இன்னைக்கு வியாழன் மாமா. அவ இன்னைக்கும் உக்காருவா."

"நாலு வருஷம் உக்காந்தா. இன்னும் மூணு நாள் உக்கார மாட்டாளா?"

அந்த நிமிஷம் அவரை அடித்திருப்பேன். அடிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் திரும்பி வந்தேன். மகளிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு போடச் சொன்னேன். போட மாட்டேன் என்றாள். அதனால் மூன்று நாளும் கிளினிக் திறந்ததிலிருந்து மூடும் வரை முன்கூடத்தில் உட்கார்ந்து, கண்கொட்டாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் டாக்டருக்கே சந்தேகம் வந்து, என்னை உள்ளே கூப்பிட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை மகள் சாவியோடு வந்து திறந்தாள். அவளிடம் அக்கா வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஏணியில் ஏறி, மேசைக்கு நேர் மேலே, மேல்கூரைக்கு இரண்டு வரிசை கீழே இருந்த கல்லில் உளியை வைத்தார். பெயின்ட் மேல் ஒட்டிய கல் என்றால் இரண்டு தட்டில் வர வேண்டும். இருபது நிமிஷம் ஆகியும் வரவில்லை. கடைசியில் கல் மூன்று துண்டாக உடைந்துதான் வந்தது. பின்னால் இருந்த சிமென்டையும் கொத்தினார். பிறகு இறங்கி, என்னை ஏறச் சொன்னார்.

ஏறிப் பார்த்தேன். சிமென்டுக்குள் கம்பி வலை ஓடியது. ஒரு சாண் இடைவெளியில் ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு, வலையைச் சுவரோடு முடுக்கியிருந்தது. ஸ்க்ரூ பெயின்டைத் துளைத்து, பட்டியைத் துளைத்து, உள்ளே செங்கல்லுக்குப் போயிருந்தது. வலையின் கண்களுக்கு நடுவே என் இளம் பச்சை தெரிந்தது.

"பாத்துக்க. உன் பச்சை பத்திரமா இருக்கு" என்றார் கீழிருந்து.

"எப்பத் தெரியும் மாமா?"

"வந்த அன்னைக்கே. ஜன்னல் இடப் பக்கம் இருக்கு. பள்ளத்துக்குள்ள நிழல் ஜன்னல் பக்கம்தான் விழும். நீ எதிர்ப் பக்கம் வச்சிருந்த."

"அப்ப இந்தப் பொடி?"

"மேல்கூரைத் தட்டி. ஜிப்சம் பலகை. பக்கத்துல துளை போட்டா கொட்டத்தான் செய்யும்."

"தெரிஞ்சுதான் இவள இங்க உக்கார வச்சீங்களா?"

"என் சுவத்துக்குக் கீழ என் மருமக உக்காந்தா எனக்கென்ன பயம்?"

"நாலு வருஷமா நான் தெனம் இங்க வந்து நின்னது உங்களுக்குத் தெரியும். ஏன் மாமா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?" என்றார். உளியைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாள் கொத்திக் குடுத்துட்டு மறந்திருப்ப" என்றார்.

அக்கா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். அவரைத்தான் அதிகம் திட்டினாள் என்று எனக்கு ஞாபகம். அவர் இல்லை என்பார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மகள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அப்ப நீ எனக்காக சாப்பாடு கொண்டு வரலியாப்பா?"

நான் ஏணி மேலேயே நின்றேன். உனக்காகத்தான் என்று சொல்லலாம். பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. நான்கு வருஷமாக அவள் கூட வேலை செய்யும் பெண்களிடம், 'எங்கப்பா பாசத்துல கொண்டு வர்றார்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையா என்று கேட்டாள். அவள் துடைப்பத்தை எடுத்து மேசை மேல் விழுந்த கல் துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தாள்.

அவர் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு கல்லை எடுத்தார். அதே சுமையில் வந்த கல். நான்கு வருஷமாக எடுத்து வைத்திருக்கிறார். கலவையைக் குழைத்து என்னிடம் நீட்டினார். "நீயே ஒட்டு."

ஒட்டினேன். கல்லின் முதுகு முழுக்கக் கலவை தடவி, வைத்து, அழுத்தி, அசைத்தேன். ஏறி வந்து பார்த்தார். ஓரத்தில் கலவை பிதுங்கவில்லை என்று பெயர்த்தார். மறுபடி ஒட்டினேன். அதையும் பெயர்த்தார். மூன்றாவது முறை பெயர்க்கவில்லை. நாளைக் காலை தட்டிப் பார்க்கிறேன் என்று போனார்.

மறுநாள் கிளினிக் திறக்கும் முன்னால் வந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கரண்டிக் காம்பால் அந்தக் கல்லை இரண்டு முறை தட்டினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டடத்தில் துளை போடும் மெஷின் அலறியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் இறங்கி, கரண்டியைப் பைக்குள் வைத்தார்.

"எப்பிடி இருக்கு மாமா?"

"நீ ஒட்டுனது. உனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

டொக்கு என்று கேட்டிருந்தால் பெயர்த்திருப்பார் என்று அக்கா சொல்கிறாள். அவளுக்கு அவர் புருஷன், அப்படித்தான் சொல்வாள். இதைப் படித்த பிறகாவது அவர் வாயைத் திறக்கிறாரா பார்க்கலாம். அந்தச் சுவரில் முன்னூற்றுச் சொச்சம் கல் அவர் ஒட்டியது. அவற்றைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஒன்று மட்டும் நான் ஒட்டியது. நான் இன்னும் ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். மகள் கையை நீட்டி டப்பாவை வாங்கும்போது முதலில் மேலே பார்க்கிறாள், பிறகுதான் என்னைப் பார்க்கிறாள்.